கொக்கிகளைக் கழற்றவில்லை

வாடகை குறைவு என்பதால்
கசாப்புக் கடை இருந்த இடத்தைப் பிடித்தேன்.
புரேலா துறைமுகத்திலிருந்து இரண்டாவது தெரு.
வெள்ளை ஓடுகளை மூன்று நாள் சோடா போட்டுத் தேய்த்தேன்.
கூரையை ஒட்டி ஓடும் இரும்புக் கம்பியில்
ஏழு கொக்கிகள்.
கழற்ற வந்தவன் நாற்பது யூரோ கேட்டான்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

கண்ணாடியில் என் பெயரை ஒட்டினேன்:
இரியா லௌசாடா, பிசியோதெரபிஸ்ட்.
அதன் கீழே, சுரண்டியும் போகாமல்,
கன்று, பன்றி, முயல்.

முதல் வாரம் வந்தது ஒரே ஒருவர்.
அரைக் கிலோ விலா எலும்பு கேட்டார்.
உங்களுடையதே இருபத்து நான்கு இருக்கிறதே
என்று நாக்கு நுனிவரை வந்தது.
கடை இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஆளில்லாத மதியங்களில்
தாங்குமா பார்ப்போம் என்று
மேசையில் நானே குப்புறப் படுத்தேன்.
முகம் வைக்கும் ஓட்டை வழியே
நேர் கீழே தெரிந்தது
ரத்தம் கழுவிவிடும் வடிகால்.
தரை முழுக்க அதை நோக்கித்தான் சரிவு.
கை தவறும் பேனாக்கள் எல்லாம்
அங்கேதான் போய் நிற்கின்றன.

லூகோ ஆஸ்பத்திரியில் இருந்தவரை
மாதம் முடிந்தால் சம்பளம் வரும்.
இப்போது மாதம் முடிந்தால்
சுயதொழில் சந்தா போகும்.
ஆள் வந்தாலும் போகும், வராவிட்டாலும் போகும்,
காய்ச்சலில் நான் கதவே திறக்காவிட்டாலும் போகும்.
நேரம் தவறாத வாடிக்கையாளர்
அது ஒன்றுதான் எனக்கு.

அடில்சனுக்கு இடுப்பு.
நான்கு முறை வந்தான், நிமிர்ந்தான்,
காசு அடுத்த முறை என்றான்,
கிரான் சோல் கடலுக்குப் போய்விட்டான்.
பில் போட்டாயிற்றே, அது வருமானம்தான் என்கிறார் கணக்காளர்.
என்னிடம் வராத பணத்துக்கு
வரி மட்டும் கிளம்பிவிட்டது.

டொரிண்டா வலை பின்னுகிறவள். முப்பத்தொரு வருடம்.
வலது கை தோளைத் தாண்டி ஏறவில்லை.
பிரா கொக்கி மாட்டக்
கணவனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது,
அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தூண்டில் முள்தான், என்றாள்.
மூன்றாவது கொக்கியில் ஒரு கப்பி மாட்டி
கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடி கட்டினேன்.
நல்ல கை இறங்கினால்
வலிக்கும் கை ஏறும்.
என் முடிச்சைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் அவிழ்த்து
தன் முடிச்சைப் போட்டாள்.
இன்றுவரை அதுதான் இருக்கிறது.

தன் கையே தனக்குதவி.
சரிதான்,
ஆனால் தன் கை தன் முதுகுக்கு எட்டுவதில்லை.
அழுத்தி அழுத்தி
என் கட்டைவிரலின் அடிமூட்டில் ஒரு வலி குடிவந்திருக்கிறது.
எல்லோருக்கும் சொல்வதை அதற்கும் சொன்னேன்:
இரண்டு வாரம் முழு ஓய்வு.
சந்தா தேதியை நினைத்து
இருவரும் சிரித்துக்கொண்டோம்.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை.
மழை. ஹீட்டர்மேல் காயாத துண்டுகள்.
கோட்டை மாட்டிக்கொண்டிருந்த டொரிண்டா
சட்டென்று நுனிக்காலில் எழும்பி
கொக்கியைத் தொட்டாள்.
வலது கையால்.
தொட்டவள் விடவில்லை.
பேருந்தில் நிற்பவள் போல
அதைப் பிடித்துக்கொண்டே
மீன் விலை பற்றி ஏதோ சொன்னாள்,
டீசல் விலை பற்றி,
மகளின் பரீட்சை பற்றி.
நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.
தோள்பட்டை எலும்பு
கோட்டுக்கடியில் வழுக்கி ஏறியிருப்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போ அடுத்த வாரம் வர வேண்டியதில்லையே?

வேண்டியதில்லை என்றேன்.
முப்பத்தைந்து யூரோ பெறுமானமுள்ள சொல்.
குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

அவள் போன பிறகு
செவ்வாய் ஐந்து மணியை அழித்தேன்.
நாட்குறிப்பில் பென்சில்தான்;
பேனா வடிகாலோரம் கிடக்கிறது.

வெளியே, குடையை மடக்காமல்
யாரோ கண்ணாடியைப் படித்துக்கொண்டிருக்கிறார்.
மேல் வரியா, கீழ் வரியா தெரியவில்லை.
இடது காலில் பாரம் போடாமல் நிற்கிறார்.